பாத்திரத்துக்கு ஒரு பெயர்

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குச் சோதனைக்கூடக்காரர் கதையம்மாவின் மேசைக்கு வந்தார். கையில் இருந்த தாளை வழியெல்லாம் மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். அதைப் பிரித்து மேசைமேல் வைத்து நீவிவிட்டார்.

"கிழக்குத் தொட்டியில சாக்கடை கலந்துடுச்சும்மா. ரெண்டு தடவை சோதிச்சுப் பார்த்துட்டேன். அடியில எங்கேயோ குழாய் விரிசல் விட்டிருக்கு. தோண்டிக் கண்டுபிடிச்சு அடைக்க எட்டு நாளாவது ஆகும்னு பொறியாளர் சொல்றார்."

"அதுவரைக்கும் தண்ணியை நிறுத்திட வேண்டியதுதானே?"

"நிறுத்தினா இருபதாயிரம் வீட்டுக்கு ஒரு சொட்டு கிடைக்காது. கொதிக்க வச்சுக் குடிச்சா ஒண்ணும் ஆகாது. அதை இன்னிக்கே சொல்லணும். நீங்கதான் சொல்லணும்."

அவள் குடிநீர்த் துறையின் விழிப்புணர்வுப் பிரிவில் ஒப்பந்த ஊழியர். தினமும் காலை ஏழு நாற்பதுக்கு வானொலியில் வரும் இரண்டு நிமிடக் கதையை எழுதுபவள். குழாயைத் திறந்துபோட்டுவிட்டு ஊர்க்கதை பேசும் பக்கத்து வீட்டுக்காரி, தொட்டியை வருஷக்கணக்கில் கழுவாத வீட்டுச் சொந்தக்காரர் என்று ஏழு வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் கதையம்மாதான்.

துறை எதையும் மக்களிடம் நேராகச் சொல்லாது. நேராகச் சொன்னால் பீதி கிளம்பும் என்பது அதன் கொள்கை. ஆகவே, குடிக்காதே என்பதைக்கூடக் குடிக்காத ஒருத்தியின் கதையாகத்தான் சொல்ல வேண்டும். தண்ணீரின் தரத்தைப் பற்றி அனுமதியில்லாமல் வெளியில் வாய் திறந்தால் வேலை போய்விடும் என்று, சேர்ந்த அன்றே எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொடுத்திருந்தார்கள்.

இருபது நிமிடத்தில் அவள் கதையை முடித்துவிட்டாள். ஒரு தாய் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள். மகள் தாகம் என்கிறாள். தாய் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அப்படியே கொடுக்காமல் அடுப்பில் வைக்கிறாள். "குமிழ் வந்தா போதாதுடா, நல்லாத் தளதளன்னு கொதிக்கணும்" என்கிறாள். ஆறுகிற வரைக்கும் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

முடித்த கையோடு மாடிப்படிக்குக் கீழே போய்த் தங்கைக்குத் தொலைபேசினாள். கிழக்குப் பகுதியில்தான் தங்கை குடியிருந்தாள். கணவன் லாரி ஓட்டுபவன், பாதி நாள் வெளியூர். ஆறு வயதில் ஒரு மகள், குட்டி.

"தண்ணியக் கொதிக்க வச்சுக் குடி. ஏன் எதுக்குன்னு கேக்காத. யாருகிட்டயும் நான் சொன்னேன்னு சொல்லாத."

"தண்ணி பளிங்கு மாதிரி வருதேக்கா."

"சொன்னதைச் செய்டி."

"சரி சரி, கத்தாத. கீழ் வீட்டுல சொல்லலாமா?"

கதையம்மா ஒரு நொடி யோசித்தாள். வேலை போனால் வாடகை வீடு போகும் என்பது அந்த ஒரு நொடியிலேயே ஞாபகம் வந்தது.

"நாளைக்குக் காலையில ரேடியோவுலயே வந்துடும்" என்றாள்.

கதை தயார், பெயர்தான் பாக்கி. பெயரை எழுத்தாளர் வைக்கக் கூடாது. ஆறு வருடத்துக்கு முன்பு அவள் எழுதிய ஒரு கதையில் வாளியை வழியவிட்டுத் தூங்கிப்போகும் சோம்பேறிக்கு, அப்போதைய இயக்குநருடைய மாமியாரின் பெயர் தற்செயலாக அமைந்துவிட்டது. மறுவாரமே பாத்திரப் பெயர் நிர்ணயக் குழு பிறந்தது. பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு ஒரு அண்டாக் கடைக்காரர் தன் அண்டா குண்டாக்களோடு வந்து அரை நாள் காத்துக்கிடந்தார். அவரை அனுப்பிவைக்கக் குழு தன் முதல் தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எழுத்தாளர் ஒன்பதாம் எண் படிவத்தில் கதையை எழுதித் தருவார். 'பாத்திரத்தின் இயற்பெயர்' என்ற மூன்றாம் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். அதைக் குழு நிரப்பும்.

மூன்று மணிக்குக் குழு கூடியது. நீள மேசை, குளிரூட்டி, ஆளுக்கொரு முத்திரை உடைக்காத தண்ணீர் பாட்டில். தலைவர் இதே துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பிரிய மனமில்லாமல் இந்தக் குழுவில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வலப்பக்கம் சட்ட அதிகாரி, எப்போதும் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கும் ஒல்லியான பெண்மணி. இடப்பக்கம் மொழி அதிகாரி.

"அவசரம்னு எழுதியிருக்கீங்க" என்றார் தலைவர். "அவசரத்துல வச்ச பேருதாம்மா ஆயுசுக்கும் ஒட்டிக்கும். நிதானமாப் பார்ப்போம்."

"சார், நாளைக்குக் காலையில ஒலிபரப்பாகணும்."

"ஆகட்டும். யாரு வேண்டாம்னா?"

மொழி அதிகாரி ஒரு நதியின் பெயரைச் சொன்னார். காதுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்றார். சட்ட அதிகாரி தலையை நிமிர்த்தாமலே மறுத்தார். "நதி பேரு வச்சா, நதித் தண்ணியையே கொதிக்க வைக்கச் சொல்றதா அர்த்தம் வரும். நதி வேற துறை."

ஒரு பூவின் பெயர் வந்தது. சட்ட அதிகாரி நுகர்வோர் பதிவேட்டைப் புரட்டினார். கிழக்குப் பகுதியில் மட்டும் அந்தப் பெயரில் முந்நூற்றுப் பதினான்கு இணைப்புகள் இருந்தன. "இத்தனை பேரும் நாளைக்கு வந்து, எங்க வீட்டுத் தண்ணியைப் பத்தி ரேடியோவுல எப்படிப் பேசலாம்னு கேப்பாங்க."

"அப்ப யாருக்குமே இல்லாத பேரா வச்சிடலாமே" என்றாள் கதையம்மா.

மொழி அதிகாரிக்கு அது தன்னைச் சீண்டுவதுபோல் பட்டிருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "யாருக்கும் இல்லாத பேரு பேரே இல்லம்மா. அது வெறும் சத்தம்."

"அப்ப அம்மான்னே இருக்கட்டும் சார். கதையில அவ அம்மாதானே?"

"அம்மா உறவுப்பெயர். படிவம் கேக்கிறது இயற்பெயர். கட்டத்துக்கு மேல எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க."

ஐந்து மணிக்குத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேச்சு நல்ல திசையில் போய்க்கொண்டிருப்பதாகவும், நாளை தொடரலாம் என்றும் குறிப்பில் எழுதச் சொன்னார். மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு வானொலியில் ஒழுகும் குழாயைப் பற்றிய பழைய கதை ஒன்று வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் ஒன்பது பேர் வயிற்றுப்போக்கோடு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்கள். எல்லோரும் கிழக்குப் பகுதி. சோதனைக்கூடக்காரர் அந்தச் செய்தியை நடைபாதையில் நின்று சொன்னார். சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். "நான் ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்தேன். இன்னும் எத்தனை பக்கம் எழுதணும்?"

குழு அன்று நான்கு மணி நேரம் உழைத்தது. பொறுமை என்று பொருள் வரும் ஒரு பெயரைத் தலைவர் தானே நிராகரித்தார். துறை மக்களைக் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொள்வார்களாம். கதையம்மா, தாய்க்குப் பதில் தகப்பன் அடுப்பைப் பற்ற வைக்கட்டுமா என்று கேட்டுப் பார்த்தாள். ஆண் பாத்திரங்களுக்குத் தனிக் குழு இருந்தது, அது காலாண்டுக்கு ஒருமுறைதான் கூடும். கடைசியில் விடியலைக் குறிக்கும் ஒரு பெயர் எல்லோருக்கும் பிடித்துப்போனது. கிழக்குப் பகுதியில் அந்தப் பெயரில் இணைப்பு எதுவும் இல்லை. மொழி அதிகாரி எழுத்துப்பிழை இல்லை என்று சான்றளித்தார். கதையம்மாவுக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது. தட்டச்சு முடிந்து, தலைவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

அப்போது கிளார்க் வந்து ஒரு தாளைச் சட்ட அதிகாரியிடம் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பட்டியல். ஒன்பது இப்போது பதினாறு ஆகியிருந்தது. சட்ட அதிகாரியின் பென்சில் ஒவ்வொரு வரியாக இறங்கிப் பன்னிரண்டாவது வரியில் நின்றது.

"சார், கையெழுத்துப் போடாதீங்க."

பன்னிரண்டாவது வரியில் அதே பெயர். வயது முப்பத்தொன்று. தையல் ஆலைத் தொழிலாளி. இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருந்ததால் பதிவேட்டில் அகப்படாமல் இருந்திருக்கிறாள்.

"நோயில படுத்திருக்கிற ஒருத்தியைக் கதையில குத்திக்காட்டினாங்கன்னு வழக்குப் போட்டா, நம்மால நிக்க முடியாது" என்றார் சட்ட அதிகாரி.

"மேடம், அவ படுத்திருக்கிறதே நாம சொல்லாததாலதானே!" கதையம்மாவின் குரல் அவளே இதுவரை கேட்டிராத உயரத்துக்குப் போனது.

தலைவர் பேனாவை மூடினார். "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. குழு தப்புப் பண்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சோம். அதுக்காகத்தான் குழுன்னு ஒண்ணு இருக்கு."

புதன்கிழமை, பட்டியல் அரை மணிக்கு ஒருமுறை மேசைக்கு வர வேண்டும் என்று ஏற்பாடானது. குழு ஒரு பெயரை எடுக்கும், பட்டியல் வரும், பெயர் அதில் இருக்கும். காலையில் முப்பத்தொன்று. தேநீர் வருவதற்குள் நாற்பது. ஒரு பெயர் இரண்டு பட்டியல்களைத் தாண்டி வந்தது. அதை ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார்கள். மூன்றாவது பட்டியலில் கடைசி வரியாக அதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது. மொழி அதிகாரி சலித்துப்போய், மக்கள் இவ்வளவு அழகான பெயர்களையெல்லாம் எதற்கு வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்.

மூன்றரை மணிக்குத் தலைவர் ஒரு முடிவுக்கு வந்தார். அவர் பேசியதைக் கிளார்க் ஒரு வார்த்தை விடாமல் குறித்துக்கொண்டார்.

"பட்டியல் வளர்ந்துகிட்டே இருக்கிற வரைக்கும் எந்தப் பேரையும் நம்ப முடியாது. இன்னிக்கு வெளியில இருக்கிற பேரு நாளைக்கு உள்ள போயிடுது. ஆகவே பட்டியல் முடியட்டும். முடிஞ்சப்புறம் மிச்சம் இருக்கிற பேருல நல்லதா ஒண்ணை எடுத்துக்கலாம். அப்ப ஆட்சேபணை பண்ண யாரும் இருக்க மாட்டாங்க."

கதையம்மா எழுந்துவிட்டாள். "பட்டியல் எப்படி சார் முடியும்?"

"அது மருத்துவத் துறையோட வேலைம்மா."

அந்த நேரத்தில் அவள் கைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. தங்கை. வெளியே ஓடிப்போய் எடுத்தாள். எதிர்முனையில் முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது.

"அக்கா, குட்டிக்கு நிக்கவே மாட்டேங்குது. கண்ணு சொருகுது. ஆட்டோவுல போய்க்கிட்டு இருக்கேன்."

"கொதிக்க வச்சுத்தானே குடுத்த?"

"வீட்டுல கொதிக்க வச்சேன். பள்ளிக்கூடத்துல குழாயைத் திறந்து குடிச்சிருக்கா."

ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது குட்டியின் கையில் ஊசி ஏறியிருந்தது. கட்டில் கிடைக்காமல் நடைபாதையில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். சலைன் பாட்டிலைச் சன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். குழந்தையின் உதடு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. அந்த நடைபாதையில் வரிசையாகப் பள்ளிச் சீருடைகள். தங்கை சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்து அழவில்லை.

"எனக்கு மட்டும் சொன்னியேக்கா" என்றாள். "டீச்சருக்கு யாரு சொல்லுவா?"

கதையம்மா பக்கத்தில் குந்தி, குட்டியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் மாதிரி இருந்தது.

வார்டு எழுத்தர் அட்டையும் பேனாவுமாக வந்தார். குட்டியின் பெயரைக் கேட்டு எழுதினார். எழுத்தைத் திரும்பக் கேட்டுச் சரிபார்த்தார். அவருக்குப் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. "குடிநீர்த் துறையிலேர்ந்து அரை மணிக்கு ஒரு போன். எத்தனை பேருன்னு கேக்க மாட்டேங்கறாங்க, எப்படி இருக்காங்கன்னு கேக்க மாட்டேங்கறாங்க. பேரு என்ன, பேரு என்னன்னு உயிரை எடுக்கறாங்க. பேரை வச்சு என்ன பண்ணுவாங்களோ."

தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கதையம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை காலை அவள் குழுவின் அறைக்குப் போகவில்லை. நேராக வாகனக் கொட்டகைக்குப் போனாள். தண்ணீர் வரும் நேரத்தைத் தெருத்தெருவாக அறிவிக்கும் ஒலிபெருக்கி வண்டி அங்கே நின்றது. ஓட்டுநர் பெரிய மீசைக்காரர், ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் பாக்கி. சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கிழக்குப் பகுதிக்குப் போகணும்ணே. ஒரு அறிவிப்பு."

"எழுத்துல உத்தரவு இருக்கா?"

அவள் ஒன்பதாம் எண் படிவத்தை நீட்டினாள். ஓட்டுநர் வாசித்தார். மூன்றாம் கட்டத்தில் வந்து விரலை வைத்தார். "இது காலியா இருக்கே. காலிப் படிவத்துக்கு வண்டி எடுக்க முடியாதும்மா."

அவள் படிவத்தை வண்டியின் முகப்பில் வைத்து, பேனாவை எடுத்து, கட்டத்தில் 'நான்' என்று எழுதினாள்.

ஓட்டுநர் அந்த ஒரு சொல்லை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "எங்க மூத்த பொண்ணு கிழக்குலதான் குடியிருக்கா" என்றார். "கட்டம் நிரம்பிடுச்சு. ஏறும்மா."

முதல் தெருவில் அவளுக்குக் குரலே வரவில்லை. ஏழு வருடமாக ஊருக்கெல்லாம் எழுதியவள், ஊர் காதில் விழ ஒரு வாக்கியம்கூடப் பேசியதில்லை. ஒலிவாங்கி கீச்சென்று அலறியது. ஒரு கதவு திறந்தது. ஒரு பெண் துவைத்த துணியைப் பிழிந்தபடி எட்டிப் பார்த்தாள்.

"தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க" என்றாள் கதையம்மா. "கிழக்குத் தொட்டியில சாக்கடை கலந்திருக்கு."

"என்ன விளையாடுறியா?" சைக்கிளை நிறுத்திய ஒருவன் கத்தினான். "பளபளன்னு வருது தண்ணி. யாரும்மா நீ?"

"குடிநீர்த் துறையில கதை எழுதுறவ."

"கதையா!" தெருவே சிரித்தது.

அவள் வண்டியிலிருந்து கீழே இறங்கினாள். ஒலிவாங்கியின் கம்பி எட்டுகிற வரைக்கும் நடந்துபோனாள். "நான் திங்கட்கிழமையே தெரிஞ்சுக்கிட்டேன். என் தங்கச்சிக்கு மட்டும் சொன்னேன். வேலை போயிடும்னு பயந்து மத்த யாருக்கும் சொல்லல. அவ வீட்டுல கொதிக்க வச்சா. அவ பொண்ணு ஸ்கூல் குழாயில குடிச்சுட்டு இப்ப ஆஸ்பத்திரி நடைபாதையில கிடக்குறா. போய்ப் பாருங்க. இந்தத் தெருப் பிள்ளைங்களும் அங்கதான் கிடக்குது."

சிரிப்பு நின்றது. துணி பிழிந்தவள் துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் வாசல் வரை கேட்டது.

அதற்குப் பிறகு அவளுக்குக் குரல் வந்தது. சந்தை, பேருந்து நிலையம், மூன்று பள்ளிக்கூடங்கள், ரயில் பாதைக்கு அப்பால் இருந்த தகரக் குடியிருப்பு. ஓட்டுநரின் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருந்தது. முதல் இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு அதை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டார். "சத்தத்துல கேக்கலைன்னு சொல்லிக்கலாம்" என்றார். மாலை ஐந்து மணிக்குத் துறையின் ஜீப் வந்து குறுக்கே நின்றபோது இன்னும் இரண்டு தெரு மிச்சம் இருந்தது. அந்த இரண்டு தெருக்காரர்களும் அதற்குள் தாங்களாகவே நடந்துவந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

பட்டியல் வெள்ளிக்கிழமை கொஞ்சம் வளர்ந்தது. சனிக்கிழமை இரண்டே பெயர்கள். ஞாயிற்றுக்கிழமை தாள் வெறுமையாக வந்தது. மொத்தம் நூற்று அறுபத்தெட்டு பேர். அவர்களில் ஒரு பள்ளியின் வயதான காவலாளி மட்டும் வீடு திரும்பவில்லை. குட்டி ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள்.

விசாரணை ஒரு வாரம் நடந்தது. விவகாரம் சிக்கலானது. பெயர் விதியை அவள் மீறினாளா என்பது முதல் கேள்வி. மொழி அதிகாரி மூன்று பக்கக் கருத்துரை அளித்தார். 'நான்' என்பது பெயரல்ல, பெயருக்குப் பதிலாக வருவது, ஆகவே பாத்திரத்துக்குப் பெயரே வைக்கப்படவில்லை, வைக்காத பெயரால் விதியை மீற முடியாது என்று அதில் இருந்தது. கதை சொன்னாளா என்பது இரண்டாவது கேள்வி. அவள் சொன்னதில் கற்பனை ஏதும் இல்லாததால் அது கதையாகாது என்று முடிவானது. தரத்தைப் பற்றி வெளியில் பேசினாளா என்ற கேள்வி எழுப்பப்படவே இல்லை. எழுப்பினால் தரம் என்னவாக இருந்தது என்று எழுத வேண்டியிருக்கும். கடைசியில், வியாழக்கிழமை பணி நேரத்தில் இருக்கையில் இல்லாத குற்றத்துக்காக அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். உத்தரவில்லாமல் கூடுதலாக ஓடிய பதினெட்டுக் கிலோமீட்டருக்கு ஓட்டுநரிடம் விளக்கம் கேட்டார்கள். ஒலிபெருக்கி இரைச்சலில் வழி தவறிவிட்டதாக அவர் எழுதிக் கொடுத்தார்.

கதையம்மா வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

வந்த நாலாம் நாள் பிற்பகலில் கதவு தட்டப்பட்டது. வாசலில் சட்ட அதிகாரி நின்றார். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. நெஞ்சோடு அணைத்த கோப்பு வியர்வையில் நனைந்திருந்தது.

"உள்ள வாங்க மேடம்" என்றாள் கதையம்மா. வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சட்ட அதிகாரி தம்ளரை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். "கொதிக்க வச்சதுதானே?"

"குழாயை அடைச்சு ரெண்டு வாரம் ஆச்சே மேடம்."

"இருந்தாலும்." அவர் தம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அண்ணன் வீடும் இந்தப் பக்கம்தான். நீங்க வண்டியில வந்த அன்னிக்குத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சுது."

"உங்களுக்குத் திங்கட்கிழமையே தெரியுமே."

"கையெழுத்துப் போட்டிருக்கோமே" என்றார் சட்ட அதிகாரி. மெதுவாகத்தான் சொன்னார். பிறகு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பைத் திறந்தார். திறந்ததும் அவர் குரல் பழையபடி ஆகிவிட்டது. "பட்டியல் முடிஞ்சுடுச்சு. குழு பாத்திரத்துக்குப் பேரு நிர்ணயிச்சாச்சு. அது விஷயமாத்தான் வந்தேன்."

"இப்ப எதுக்கு மேடம் அந்தக் கதை? தண்ணிதான் சரியாயிடுச்சே."

"கோப்பு திறந்திருக்கே. மூடணும் இல்ல? அடுத்த திங்கட்கிழமை ஒலிபரப்பு." அவர் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். மூன்றாம் கட்டத்தில் சுத்தமான தட்டச்சில் பெயர் இருந்தது. கதையம்மா இரண்டு முறை படித்தாள். அது அவளுடைய பெயர். அம்மா அப்பா வைத்த பெயர், ஏழு வருடமாக அந்த அலுவலகத்தில் யாரும் வாய் திறந்து கூப்பிடாத பெயர்.

"தலைவருக்கு ரொம்பத் திருப்தி" என்றார் சட்ட அதிகாரி. "நுகர்வோர் பதிவேட்டுல இல்ல, ஏன்னா வாடகை வீடு. ஆஸ்பத்திரிப் பட்டியல்ல இல்ல. துறையிலயும் இப்ப இல்ல. எழுத்துப்பிழை உண்டான்னு விசாரணைக் கோப்புல மூணு இடத்துல சரிபார்த்திருக்கு. இவ்வளவு சுத்தமா ஒரு பேரு கிடைக்கறது கஷ்டம். உங்ககிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வேணும். ஆட்சேபணை இல்லைன்னு."

கீழே ஒரே வரி அச்சாகியிருந்தது: 'மேற்கண்ட பெயர் என்னைக் குறிக்காது.'

உள்ளறையில் குட்டி தன் பொம்மையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். தங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள், கையைத் துடைத்தபடி. என்ன என்று கண்ணால் கேட்டாள். கதையம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிழை திருத்தும் வேலைக்காக வாங்கி வைத்திருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'குறிக்காது' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் 'குறிக்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சட்ட அதிகாரி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "அப்படின்னா இந்தப் பேரையும் வைக்க முடியாதும்மா. குழு திரும்பக் கூடணும்."

"கூடட்டும் மேடம்."

சட்ட அதிகாரி கோப்பை மூடி, எழுந்து, வாசல் வரை போனார். நிலைப்படியில் நின்று திரும்பி, ஏதோ பழக்கமில்லாத காரியம் செய்கிறவர்போல் தயங்கித் தயங்கி, அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போய் வருகிறேன் என்றார்.